வெட்டாமல் தோலின் ஆழம் அறிதல்

மனிதத் தோலுக்குள் நிறமி எந்த ஆழத்தில் இருக்கிறது, இரத்தக் குழாய்கள் எங்கே தொடங்குகின்றன, மேலிருந்து உள்ளே போகப்போக நீரின் அளவு எப்படி மாறுகிறது என்பவற்றையெல்லாம் ஊசியோ கத்தியோ படாமல், ஒளியையும் வெப்பத்தையும் மட்டும் கொண்டு அறிய முடியும். சென்னையில் அகச்சிவப்புக் கருவிகளோடு பழகும் தொழிலில் இருப்பதால் இந்த முறைகளைப் பற்றித் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கப் படிக்க என்னுள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்றுண்டு. லேசர் சிகிச்சைக்கு முன்னால் தோலின் ஆழத்தை அளந்து பார்க்கும் இந்த அறிவு யாரைவிடவும் நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும்தான் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அது ஏன் என்பதை அளவீட்டின் இயற்பியலிலிருந்தே விளக்க முயல்கிறேன்.

முதலில் தோலின் அமைப்பு. உடலின் பெரும்பாலான இடங்களில் தோலின் வெளிப்பக்கம் இறந்த செல்களால் ஆன ஒரு மெல்லிய படலம். அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரைதான் இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் அது நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டராகத் தடித்திருக்கிறது. அந்தப் படலத்தையும் சேர்த்து மேல்தோல் முழுவதும் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. அதன் அடிமட்டத்தில் மெலனின் என்னும் நிறமி உருவாகிறது. அதற்கும் கீழே, ஒன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை தடித்த உள்தோல் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் அங்கேதான் இருக்கின்றன. உள்தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜன் புரதம் மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய அமைப்புடையது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள் என்பதும், அந்த ஆய்வுக்குப் பயன்பட்ட கங்காரு வால் தசைநாண் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது என்பதும் இந்த நகரத்தவர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். தோலின் ஆழத்தைப் பார்க்கும் இன்றைய லேசர் நுண்ணோக்கிகளில் ஒரு வகை, கொலாஜனின் அந்த முறுக்கமைப்பையே நம்பி இயங்குகிறது. மிகக் குறுகிய லேசர் துடிப்புகள் கொலாஜனில் படும்போது அலைநீளம் சரிபாதியான ஒளி வெளிவருகிறது. 800 நானோமீட்டர் ஒளி உள்ளே போனால் 400 நானோமீட்டர் ஒளி திரும்புகிறது. சாயம் எதுவும் ஏற்றாமலே கொலாஜன் இழைகள் படத்தில் தெரிவது இதனால்தான்.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வெப்பத்தைக் கொண்டு ஆழம் அறியும் முறையை. சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் குடியிருப்பவர்களுக்கு இதன் அடிப்படை தெரிந்ததுதான்: நண்பகல் வெயில் காங்கிரீட்டில் பட்டாலும் அதன் வெப்பம் உட்கூரையை எட்டிச் சேர மாலையாகிவிடும், கூரை தடிக்கத் தடிக்க அந்தத் தாமதமும் கூடும். தோலிலும் இதுவே நடக்கிறது, ஆனால் திசை தலைகீழ். லேசரின் ஒரு துடிப்பு தோலுக்குள் பாய்கிறது. உள்ளே மெலனினும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் அந்த ஒளியை உறிஞ்சி உடனே சற்றே சூடாகின்றன. பிறகு அந்தச் சூடு மெல்ல மேற்பரப்பை நோக்கி ஊர்ந்து வருகிறது. மேற்பரப்பை ஓர் அகச்சிவப்புக் கேமரா பார்த்துக்கொண்டே இருந்தால், எப்போது எவ்வளவு சூடு வந்து சேர்ந்தது என்பதிலிருந்து அது எவ்வளவு ஆழத்திலிருந்து புறப்பட்டது என்று கணக்கிடலாம். தூரத்தை அளக்கப் பயன்படுவது இங்கே காலம்.

கணக்கு எளியது. வெப்பம் ஓர் ஆழத்திலிருந்து மேலே வர ஆகும் காலம், அந்த ஆழத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவல் எண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைத்துவிடும். தோலுக்கு அந்த எண் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 0.11 சதுர மில்லிமீட்டர். அதன்படி 20 மைக்ரோமீட்டர் ஆழத்தில் உள்ள சூடு ஒரு மில்லிவினாடிக்குள் மேலே தெரிந்துவிடும். 60 மைக்ரோமீட்டர் ஆழத்தில், அதாவது மெலனின் இருக்கும் மட்டத்தில், தோன்றிய சூட்டுக்கு 8 மில்லிவினாடி ஆகும். 300 மைக்ரோமீட்டர் ஆழத்தில் இருக்கும் இரத்தக் குழாயின் சூடு வந்து சேர 200 மில்லிவினாடி ஆகிவிடும். ஆழம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகிறது. ஆகவே கேமரா பதிவு செய்யும் வெப்பநிலை வரைகோட்டில் துடிப்பு முடிந்தவுடன் மெலனினின் சூடு தெரிகிறது, அது தணிந்துகொண்டிருக்கும்போதே இரத்தக் குழாயின் சூடு தாமதமாக வந்து இன்னொரு மேடாக எழுகிறது. அந்த இரண்டாவது மேடு எப்போது வருகிறது என்பதைக் கொண்டு குழாயின் ஆழத்தை அறிகிறார்கள்.

இதற்குப் பயன்படும் கேமராக்கள் சாதாரணமானவை அல்ல. இண்டியம் ஆன்டிமோனைடு என்னும் குறைக்கடத்தியால் ஆன உணரியைத் திரவ நைட்ரஜன் கொண்டோ சிறு குளிர்விப்பான் கொண்டோ ஏறத்தாழ 77 கெல்வினுக்குக் குளிர்வித்து, 3 முதல் 5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வினாடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறார்கள். 0.02 டிகிரி அளவிலான வெப்பநிலை வேறுபாட்டைக்கூட அவை பிரித்தறியும். எனவே தோலைச் சில டிகிரி மட்டும் சூடாக்கினாலே அளவீட்டுக்குப் போதும். வலியோ காயமோ உண்டாவதில்லை.

கடினமான பகுதி கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே இருக்கும் சூட்டின் பரவல் தெரிந்தால் மேற்பரப்பின் வெப்பநிலை எப்படி மாறும் என்று யாரும் கணக்கிட்டுவிடலாம். மேற்பரப்பின் வெப்பநிலை மட்டும் தெரிந்திருக்க, உள்ளே இருந்த பரவலைத் திரும்பப் பெறுவதுதான் சிக்கல். வெப்பம் பயணிக்கும்போதே கூர்மையை இழந்து பரந்துவிடுகிறது. எனவே மிக வேறுபட்ட உள்ளமைப்புகள்கூட மேற்பரப்பில் ஏறக்குறைய ஒரே வரைகோட்டைத் தரக்கூடும். சிறிதளவு இரைச்சல் கலந்தாலும் விடை முற்றிலும் மாறிவிடும். இதைக் கட்டுப்படுத்த, விடை எதிர்மறையாக இருக்கக்கூடாது, திடீர் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை விதித்துக் கணினி படிப்படியாக விடையை நெருங்குகிறது. எவ்வளவு திறமையாகக் கணக்கிட்டாலும் ஆழம் கூடக்கூடத் தெளிவு குறைந்துகொண்டே போகும். 50 மைக்ரோமீட்டர் ஆழத்தில் இரண்டு அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் கருவி, 500 மைக்ரோமீட்டர் ஆழத்தில் அதே இடைவெளியுள்ள இரண்டு அடுக்குகளை ஒன்றாகவே காட்டும். பளபளப்பான வண்ணப் படமாக முடிவு வந்து நிற்கும்போது இந்த எல்லையை மறந்துவிடுவது எளிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி நிறத்துக்கு வருவோம். சருமத்தின் நிறம் எதுவாக இருந்தாலும் அது வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்வீச்சு ஏறக்குறைய ஒரே மாதிரியானது என்பதை ஜேம்ஸ் ஹார்டி 1934-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார். 32 அல்லது 33 டிகிரியில் இருக்கும் மனிதத் தோல் 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தின் அருகே உச்சம் கொண்ட கதிர்வீச்சை வெளியிடுகிறது. அந்த அலைநீளங்களில் வெள்ளைத் தோலும் கறுப்புத் தோலும், தன்மேல் படும் கதிர்வீச்சு முழுவதையும் உறிஞ்சும் 'முழுக் கரும்பொருள்' என இயற்பியல் சொல்லும் பொருளைப் போலவே ஏறக்குறைய நடந்துகொள்கின்றன. அதாவது, வெளியே வரும் வெப்பத்தைப் பார்க்கும் கேமராவுக்கு நிறம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் உள்ளே போகும் லேசர் ஒளிக்கு நிறம்தான் முதல் தடை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மெலனின் கடுமையாக உறிஞ்சுகிறது. அலைநீளம் கூடக்கூட அந்த உறிஞ்சல் குறைந்து, 532 நானோமீட்டரில் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக 1064 நானோமீட்டரில் ஆகிவிடுகிறது. அடர்நிறத் தோலுக்கு முடி நீக்கும்போது மருத்துவர்கள் 1064 நானோமீட்டர் லேசரை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

பிறவியிலேயே முகத்தில் தோன்றும் சிவப்புத் திட்டுகளை எடுத்துக்கொள்வோம். உள்தோலின் மேற்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கிடப்பதால் வருபவை அவை. குறிப்பிட்ட நிறத்தை உறிஞ்சும் இலக்கை மட்டும், அது ஆறுவதற்குள் சுடுமளவு குறுகிய துடிப்பால் அழிக்கலாம் என்னும் கோட்பாட்டை ஆண்டர்சனும் பாரிஷும் 1983-இல் வெளியிட்டனர். அதன் வழியே 585, 595 நானோமீட்டர் சாய லேசர்கள் இந்தத் திட்டுகளுக்குச் சிகிச்சையாக வந்தன. ஆனால் அந்த ஒளி குழாயைச் சென்றடையும் முன் மெலனின் அடுக்கைக் கடந்தாக வேண்டும். வெளிர்நிறத் தோலில் பெரும்பகுதி கடந்துவிடும். நம் தோலில் மேலேயே கணிசமான பகுதி உறிஞ்சப்படுவதால், இலக்கு போதிய அளவு சூடாவதற்கு முன்பே மேல்தோல் வெந்து கொப்புளமோ நிறமாற்றமோ ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் தாமஸ் மில்னர், ஸ்டூவர்ட் நெல்சன், லார்ஸ் ஸ்வாசாண்ட் ஆகியோர் 1990-களில் செய்த ஆய்வுகள் இந்த இடத்தில்தான் முக்கியமாகின்றன. முன்னர் சொன்ன வெப்ப முறையால் அவர்கள் திட்டின் ஆழத்தை அளந்தார்கள். லேசர் பாய்வதற்குச் சற்று முன்பு குளிர்பொருளைச் சில பத்து மில்லிவினாடிகள் தெளித்து மேல்தோலை மட்டும் குளிர்விக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார்கள். குளிர் உள்ளே இறங்குவதற்கும் அதே கணக்குதான் பொருந்தும்: 50 மில்லிவினாடியில் அது ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் வரை இறங்கும். மேல்தோலைக் காக்க அது போதும். 300 மைக்ரோமீட்டரில் இருக்கும் குழாயை அது தொடாது. ஆனால் ஒருவரின் குழாய்கள் 150 மைக்ரோமீட்டரிலேயே இருந்தால் அதே தெளிப்பு சிகிச்சையைக் கெடுக்கும். ஆழம் தெரிந்தால்தான் தெளிப்பின் நேரத்தைச் சரியாக வைக்க முடியும்.

என் அக்கா மகளுக்குக் கன்னத்தில் இத்தகைய திட்டு உண்டு. அவளைப் பார்த்த மருத்துவர் மிகுந்த பொறுப்போடு, காதுக்கருகே மறைவான ஓரிடத்தில் குறைந்த ஆற்றலில் சோதித்துப் பார்த்து, பல வாரங்கள் காத்திருந்த பிறகே மேற்கொண்டு முடிவு செய்யலாம் என்றார். அது சரியான நடைமுறை. இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும் ஒரே பாதுகாப்பும் அதுதான். ஆனால் அந்தச் சோதனை சொல்வது அந்த ஆற்றல் தோலைச் சுட்டதா இல்லையா என்பதை மட்டுமே. மெலனின் எத்தனை டிகிரி சூடாகும், குழாய்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பவற்றை ஒரு வினாடிக்குள் முடியும் ஓர் அளவீட்டால் முன்கூட்டியே அறிய முடியும் என்னும்போது, அந்த அளவீடு ஆய்வுக்கூடங்களைத் தாண்டி அன்றாடச் சிகிச்சை அறைக்கு வராமல் இருப்பதை என்னால் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. குளிர்விக்கப்பட்ட கேமராவின் விலையும் அதற்குப் பின்னால் உள்ள கணிதமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. விலை பற்றிய வாதம் உண்மையானதே. கணிதமோ இன்று ஒரு மடிக்கணினியில் அடங்கிவிடும்.

வெப்பத்துக்குப் பதிலாக ஒலியைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. விட்டுவிட்டு விழும் ஒளி பொருளில் ஒலியை எழுப்பும் என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-இல் கண்டறிந்தார். லேசர் துடிப்பால் சூடான இடம் நொடிப்பொழுதில் விரிந்து ஓர் அழுத்த அலையை அனுப்புகிறது. திசுவில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் பயணிப்பதால் 300 மைக்ரோமீட்டர் ஆழத்திலிருந்து அது 0.2 மைக்ரோவினாடியில் மேலே வந்துவிடும். வெப்பம் அதே தூரத்தைக் கடக்க எடுத்துக்கொண்டதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இது. ஒலி வெப்பத்தைப் போலக் கரைந்து பரவுவதில்லை என்பதால் ஆழமான இடங்களிலும் தெளிவு நன்றாக இருக்கும். ஆனால் பொதுவாக உணரியைக் கூழ்மம் தடவித் தோலில் ஒட்ட வைக்க வேண்டும்; கேமராவைப் போலத் தள்ளி நின்று பார்க்க முடியாது. புண்பட்ட தோலில் இது ஒரு சிறு குறையல்ல.

சூடும் ஒலியும் எங்கே என்ற கேள்விக்கு விடை தருகின்றன. என்ன மூலக்கூறு என்ற கேள்விக்கு ராமன் சிதறல்தான், அதாவது மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அந்த மூலக்கூறுக்கே உரிய அளவில் அலைநீளம் மாறுவதுதான், நல்ல விடை தருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, மெரினாவை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனோடு 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் கண்ட விளைவு இன்று தோலின் மேல் 20, 30 மைக்ரோமீட்டரை அடுக்கடுக்காகப் படிக்கப் பயன்படுகிறது. லேசரை நுண்ணோக்கியால் ஓர் ஆழத்தில் குவித்து, அந்த இடத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் ஒரு நுண்துளை வழியே அனுமதித்து, சிதறலின் நிறமாலையைப் பதிவு செய்கிறார்கள். பின்னர் குவியத்தைச் சில மைக்ரோமீட்டர் கீழே இறக்கி மீண்டும் பதிவு செய்கிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் காஸ்பர்ஸும் புப்பல்ஸும் தம் குழுவினரோடு 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதை உயிருள்ள மனிதத் தோலில் செய்து காட்டியது. வெளிப்படலத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் நீர், உயிருள்ள செல்கள் தொடங்கும் இடத்தில் 70 விழுக்காட்டை நெருங்குகிறது. அந்த ஏற்றம் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைப் பார்த்து வெளிப்படலத்தின் தடிமனையே அளந்துவிடலாம். பரம்பரையாக வரும் கரப்பான் போன்ற நோய்களில், ஃபிலாக்ரின் என்னும் புரதம் குறைந்திருப்பவர்களின் தோலில் ஈரத்தைத் தக்கவைக்கும் பொருள்கள் குறைந்திருப்பதையும் இம்முறையால் காண்கிறார்கள். குழந்தையின் கையில் தோல் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த அளவீடுகளைச் சென்னையில் செய்யும்போது ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தோலின் ஈரத்தை அளப்பதற்கு 20 முதல் 22 டிகிரி வெப்பநிலையும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், அளக்கப்படுபவர் 15 முதல் 30 நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். வெயிலில் பேருந்தில் வந்து இறங்கியவரின் தோலில் வியர்வைப் படலம் இருக்கும். 3 மைக்ரோமீட்டர் அருகேயுள்ள அகச்சிவப்பு ஒளி நீரில் ஒரு மைக்ரோமீட்டர் அளவே ஊடுருவும் என்பதால், அந்தப் படலம் இருக்கும்வரை கருவி அளப்பது வியர்வையைத்தான், தோலை அல்ல. தேங்காய் எண்ணெய் தடவிய கையில் கொழுப்புக்குரிய நிறமாலைக் கோடுகள் மிகையாகத் தெரியும். மஞ்சள் பூசிய முகம் நீல ஒளியில் தானே ஒளிரும். குங்குமமும் திருநீறும் ஒளியை உறிஞ்சியோ சிதறடித்தோ விடும். பிற நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளில் இவற்றையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. நாமே எழுதிக்கொள்ள வேண்டியவை இவை.

தீக்காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆழம் அறிவது அங்கே தோற்றத்தைப் பற்றிய கவலையாக இருப்பதில்லை. மேலோட்டமான காயம் இரண்டு மூன்று வாரங்களில் தானே ஆறும்; ஆழமானதற்குத் தோல் ஒட்டு வைக்க வேண்டும்; இரண்டுக்கும் இடைப்பட்ட காயங்களை முதல் இரண்டு நாள்களில் கண்ணால் பார்த்துப் பிரிப்பது தேர்ந்த மருத்துவருக்கும் கடினம். ஓடும் இரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் லேசரின் அதிர்வெண் சற்று மாறுவதைக் கொண்டு, உள்தோலில் இரத்த ஓட்டம் மிஞ்சியிருக்கிறதா என்று தொடாமலே படமெடுக்கும் கருவி இதற்கு உதவுகிறது. காயம் பட்ட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை அது நம்பத்தக்க விடை தருகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவை அறிந்த எவருக்கும் அந்த விடையின் மதிப்பைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

நிறத்தைக் கணக்கில் கொள்ளாத ஒளிக்கருவி என்ன செய்யும் என்பதற்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே சான்று. 660, 940 நானோமீட்டர் ஒளிகளைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் அக்கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டியபோது, உண்மையில் 88-க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்டனர். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் அந்தக் கருவியின் எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தோம். பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்த எளிய கருவியிலேயே இந்தப் பிழை தங்கியிருந்தது என்றால், தோலின் ஆழத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சிக்கலான கருவிகளை நம் தோலில் சரிபார்க்காமல் ஏற்கக்கூடாது.

சரிபார்ப்பது நம்மால் முடியாத செயலும் அல்ல. இத்தகைய முறைகளைச் சோதிக்க உலகெங்கும் செயற்கைத் தோல் மாதிரிகளையே முதலில் பயன்படுத்துகிறார்கள்: அகர் அல்லது கொலாஜன் கூழ்மத்தை மெல்லிய அடுக்குகளாக வார்த்து, ஒளியை உறிஞ்சும் பொருளைத் தெரிந்த ஆழத்தில் ஓர் அடுக்கில் மட்டும் கலந்து, கருவி சொல்லும் ஆழத்தோடு ஒப்பிடுகிறார்கள். மெலனினுக்கு ஈடான உறிஞ்சலை மேலடுக்கில் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த நிறத்தில் கருவியின் கணக்கு தடுமாறத் தொடங்குகிறது என்று பார்க்கலாம். கொலாஜனை ஆழ்ந்து அறிந்த ஆய்வுக்கூடம் அடையாற்றிலும், வெப்ப அளவீட்டில் பயிற்சி பெற்ற பொறியாளர்கள் அதன் எதிரே சர்தார் படேல் சாலையிலுள்ள ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறார்கள். இயற்பியல் முதுகலை மாணவர் எவராவது திட்டப்பணிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், அடர்நிற மேலடுக்கின் கீழே 200 முதல் 400 மைக்ரோமீட்டர் ஆழத்தில் புதைத்த மெல்லிய சிவப்பு அடுக்கை 532, 1064 நானோமீட்டர் துடிப்புகளால் தனித்தனியே சூடாக்கி, இரண்டு வரைகோடுகளும் ஒரே ஆழத்தைத் தருகின்றனவா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.